ஓட்டத்தின் நடுவே 148 எப்படி 201 ஆனது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. பதினான்கு வருடமாக ஓடுகிறேன், பதினோரு மாரத்தான் முடித்திருக்கிறேன். வாரத்துக்கு 70 கிலோமீட்டர் குறையாது. காலையில் எழுந்ததும் பார்த்தால் நாடித்துடிப்பு 44. நான்கு மாதமாக, இரவில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது; அடுத்து நெஞ்சுக்குள் ஓர் உதை விழுகிறது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன், 28 கிலோமீட்டர் ஓட்டத்தில் 19-வது கிலோமீட்டர் தாண்டும்போது, கைக்கடிகாரத்தில் 148 என்று இருந்த துடிப்பு திடீரென்று 201 ஆனது. கால் இரண்டும் கல்லாகிவிட்டன. லேசாகத் தலை சுற்றியது, விழவில்லை. நடக்க ஆரம்பித்தேன். 18 நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டது. மறுநாள் எடுத்த ஈசிஜி நார்மல். கூட ஓடுகிறவர்கள் "வாட்ச் கோளாறு" என்கிறார்கள், "விளையாட்டுக்காரன் இதயம் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள், "மெக்னீசியம் மாத்திரை போடு" என்கிறார்கள். மனைவி ஓட்டத்தையே விடச் சொல்கிறார். ஆறு வாரத்தில் ஒரு மாரத்தான் இருக்கிறது. ஓடலாமா? ஐந்து மாதத்துக்கு முன் வந்த ஒரு வாரக் காய்ச்சலைத் தவிர வேறு நோய் கிடையாது. அதிலும் நான்காம் நாளே மாத்திரை போட்டுக்கொண்டு ஓடப் போய்விட்டேன். கடிகாரத்தில் பதிவான வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த மாரத்தானை ஓடாதீர்கள். இனி எப்போதுமே ஓடக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த 18 நிமிடம் உங்கள் இதயம் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியாமல் ஓட வேண்டாம், அவ்வளவுதான். சோதனைகள் முடியும்வரை வேகமாக நடக்கலாம், ஓட்டம் வேண்டாம்.

இப்போது அந்த வரைபடத்துக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மணிக்கட்டில் கட்டும் கடிகாரங்கள் பொய் சொல்லும். தோலுக்குள் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி, ரத்தம் வந்துபோகும் அசைவைப் பார்த்துத்தான் அவை துடிப்பைக் கணக்கிடுகின்றன. கை வீசி ஓடும்போது சில சமயம் ரத்தத்தின் அசைவை விட்டுவிட்டு, காலடியின் அதிர்வைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170, 180 அடி வைக்கிறவருக்குத் துடிப்பும் 170, 180 என்றே காட்டும். அதனால் துடிப்பு திடீரென்று எகிறினால் நான் முதலில் பார்ப்பது காலடிக் கணக்கைத்தான். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் கடிகாரத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

உங்கள் வரைபடத்தில் அப்படி இல்லை. அந்த நேரத்தில் காலடி 172, துடிப்பு 201. நீங்கள் நடக்கத் தொடங்கியதும் காலடி 110-க்கு இறங்கிவிட்டது, துடிப்பு 190-க்குக் கீழே வரவில்லை. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்குப்படி உங்கள் உச்சத் துடிப்பு 173. அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு தள்ளிப்போகும் என்றாலும் 201 வரை நீளாது. எல்லாவற்றையும்விட என் கண்ணில் பட்டது அந்தக் கோட்டின் வடிவம். உழைப்பால் ஏறும் துடிப்பு படிப்படியாக ஏறும், ஓய்வெடுத்தால் படிப்படியாக இறங்கும். உங்களுடையது சுவரேறிக் குதித்திருக்கிறது: ஒரே தாவலில் 148-இலிருந்து 201, கடைசியில் ஒரே தாவலில் 192-இலிருந்து 118. அதே நொடியில் கால் கல்லானது என்கிறீர்கள். அதுவும் பொருந்துகிறது. இதயம் அவ்வளவு வேகமாக அடித்தால் அறைகளில் ரத்தம் நிரம்ப நேரமிருக்காது. எண்ணிக்கை கூடும், ஒவ்வொரு அடியிலும் வெளியே போகும் ரத்தம் குறையும். முதலில் காலுக்குத் தெரியும், அப்புறம் தலைக்கு.

ஆகவே கடிகாரம் இந்த முறை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் துடிப்பின் பெயரைக் கடிகாரத்தால் சொல்ல முடியாது. பல விநாடிகளின் சராசரியைத்தான் அது வரைகிறது. மேலறைகள் தாளமில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். மேலறையில் மின்னோட்டம் வட்டமடிக்கும் ஏட்ரியல் ஃப்ளட்டராக இருக்கலாம். பிறவியிலேயே இருக்கும் ஒரு குறுக்குவழியில் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி வந்திருக்கலாம். கீழறையிலிருந்து கிளம்பியதாகவும் இருக்கலாம். முதல் மூன்றும் தொல்லை கொடுப்பவை, பெரும்பாலும் வைத்தியத்துக்குக் கட்டுப்படுபவை. நான்காவது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. ஓடும்போது நான்குமே ஒரே மாதிரிதான் தெரியும்.

மறுநாள் எடுத்த ஈசிஜி நார்மலாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஒரு ஈசிஜி தாளில் பதிவாவது சுமார் 10 விநாடி. ஒரு நாளில் இருப்பது 86,400 விநாடி. திருடன் வந்துபோன மறுநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு "இங்கே திருடனே இல்லை" என்று சொல்வதைப் போன்றது அது. இதை நான் சுலபமாகச் சொல்வதற்குக் காரணம், நானே அப்படிச் சொன்னவன். படிப்பு முடித்து வந்த புதிதில் சைக்கிள் பந்தய வீரர் ஒருவர் இதே குறையோடு வந்தார். அமைதியான ஈசிஜி, ஓய்வில் துடிப்பு 42. "உங்கள் இதயம் குதிரை மாதிரி இருக்கிறது" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, மேலறை நடுங்கிக்கொண்டிருக்கும்போதே வேறொரு மருத்துவரிடம் எடுத்த ஈசிஜியோடு வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை; தாளை என் மேசையில் விரித்து வைத்தார். அதற்கப்புறம் "நார்மல்" என்று எழுதுவதற்கு முன் "எப்போது எடுத்தது?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

அதற்காக அந்த ஈசிஜியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குறுக்குவழி இருந்தால் அதன் தடயம் ஓய்விலேயே தெரியலாம். இதயத் தசையின் சில பிறவிக் கோளாறுகளும் தெரியும். விளையாட்டு வீரர்களின் ஈசிஜியைப் பார்த்துப் பழகிய இதய மருத்துவர் ஒருவரிடம் அதே தாளை மறுபடி காட்டுங்கள்.

சரி, "விளையாட்டு வீரரின் இதயம்" என்ற வார்த்தைக்கு வருகிறேன். அது கற்பனை இல்லை. ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷன் 1899-லேயே பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்தே, அவர்கள் இதயம் பெரிதாக இருக்கிறது என்று எழுதிவைத்தார். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு அறைகள் விரியும், துடிப்பு நிதானமாகும். உங்களுடைய 44 சாதாரணம். பயிற்சி பெற்ற உடம்பில் ஓய்வுத் துடிப்பு 30 வரை இறங்கினாலும், வேறு தொந்தரவு இல்லையென்றால் கவலைப்படுவதில்லை. தூக்கத்தில் இரண்டு விநாடி இடைவெளி விழுவது, மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் சைகை இடையிடையே ஒன்று நழுவுவது, இவையெல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். எழுந்து நாலு படி ஏறினால் மறைந்துவிடும். ஆனால் 201 அந்தக் கணக்கில் சேராது. பயிற்சியால் மாறிய இதயம் மெதுவாக அடிக்கும். ஓட்டத்தின் நடுவே சுவரேறிக் குதிக்காது.

இரவில் விழும் உதை வேறு கதை. உரிய நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது. நாங்கள் எக்டோபிக் என்போம். அறை நிரம்புவதற்குள் அடிப்பதால் அது மணிக்கட்டு வரை எட்டுவதில்லை. அதைத்தான் "விட்டுப்போனது" என்கிறீர்கள். அதன் பின்னால் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் அறை வழக்கத்தைவிட நன்றாக நிரம்பிவிடுகிறது, அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. அதாவது, உங்களைப் பயமுறுத்தும் அந்த உதைதான் ஒழுங்கான துடிப்பு. இடப்பக்கம் படுத்தால் இதயத்தின் நுனி மார்புச் சுவரை ஒட்டி வருவதால் இன்னும் தெளிவாகத் தெரியும். துடிப்பு மெதுவாக இருக்கிறவர்களுக்கு நடுவில் இடம் அதிகம், எக்டோபிக் நுழைய வாய்ப்பும் அதிகம். இதில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: உழைக்கும்போது இவை ஒதுங்கிப்போகின்றனவா, கூடுகின்றனவா? ஒதுங்கினால் பெரும்பாலும் சாதுவானவை. ஓட ஓடக் கூடினால், விதவிதமான வடிவத்தில் வந்தால், ஒரு நாளின் மொத்தத் துடிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், விடமாட்டேன்.

வேறு யாராவது எழுதியிருந்தால் இரவு உதையை இதோடு மூடிவைத்திருப்பேன். ஆனால் போகிற போக்கில் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த 201-ஐவிட அந்த வரிதான் என்னை நிறுத்திவைத்தது: ஐந்து மாதத்துக்கு முன் காய்ச்சல், நான்காம் நாளே மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டம். இரவு உதை ஆரம்பித்தது நான்கு மாதத்துக்கு முன்.

வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும். மையோகார்டைட்டிஸ் என்ற தசை அழற்சி. பலருக்கு வந்ததே தெரியாது. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். அந்த நாட்களில் கடுமையாக ஓடினால் அழற்சி முற்றும். ஆறிய பிறகு தசையில் தழும்பு தங்கிவிட்டால், அதைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிக்கத் தொடங்கலாம். கீழறையில் நடந்தால் நான் முதலில் சொன்ன அந்த நான்காவது வகை. உங்களுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை. தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருக்கின்றன, அதனால் பார்த்தே ஆகவேண்டும் என்கிறேன். எக்கோ என்ற இதய ஸ்கேனில் அறைகளின் அளவும் வால்வும் தெரியும், சின்னத் தழும்பு தெரியாமல் போகலாம். அதற்கு மருந்து செலுத்தி எடுக்கும் இதய எம்ஆர்ஐ வேண்டும். மருத்துவரிடம் காய்ச்சல் விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், கடைசி வாக்கியமாக அல்ல. அழற்சி என்று உறுதியானால், அது ஆறிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை கடும் பயிற்சி கூடாது. இதில் பேரம் பேச வழியில்லை. அப்புறம், காய்ச்சலோடு ஓடுவதை இந்த ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை உடம்புச் சூட்டைத்தான் இறக்கும், வைரஸை அல்ல.

சோதனைகளில் இன்னும் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் 24 மணிநேர ஹோல்டர் கருவி உங்களுக்குப் போதாது. நான்கு மாதத்தில் ஒருமுறை வந்ததை ஒரு நாளில் பிடிப்பது அதிர்ஷ்டம்தான். இரண்டு வாரம் வரை மார்பில் ஒட்டியிருக்கும் பட்டை வகைப் பதிவுக்கருவி கிடைத்தால் அதைக் கேளுங்கள். அதிலும் சிக்காவிட்டால் தோலுக்கடியில் பொருத்தி, வருடக்கணக்கில் காத்திருக்கும் சின்னக் கருவியும் இருக்கிறது. இன்னொன்று டிரெட்மில் சோதனை. வழக்கமாக வயதுக்குரிய உச்சத் துடிப்பில் 85 சதவீதம் தொட்டதும் "போதும்" என்று நிறுத்திவிடுவார்கள். ரத்தக்குழாய் அடைப்பைத் தேட அது பயன்படலாம். உங்களுக்கு அந்த இடத்தில் உடம்பே சூடாகியிருக்காது. இனி முடியாது என்று நீங்களே சொல்லும்வரை ஓடவிடச் சொல்லுங்கள். பொட்டாசியம், மெக்னீசியம், தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகியவை ஒரே ரத்தப் பரிசோதனையில் முடிந்துவிடும். மெக்னீசியம் குறைவாக இருந்தால் மாத்திரை போடலாம், சரியாக இருந்தால் அந்த மாத்திரையால் வயிறு இளகுவதுதான் மிச்சம்.

இத்தனையும் பார்த்த பிறகு, கடைசியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று முடிய வாய்ப்பு இருக்கிறது. நடுத்தர வயதுக்கு மேல், பல வருடம் நெடுந்தூரம் ஓடிய ஆண்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது அதுதான். ஓய்வில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் இறைக்கும் இதயம், கடும் ஓட்டத்தில் இருபதைத் தாண்டி இறைக்கிறது. கீழறையின் சுவர் கெட்டி, தாங்கிக்கொள்ளும். மேலறையின் சுவர் மெலிசு. வருடக்கணக்கில் இழுபட்டு இழுபட்டு விரிகிறது, அங்கங்கே தழும்பு விழுகிறது. துடிப்பை நிதானமாக்கும் வேகஸ் நரம்பின் ஆதிக்கமும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் சிலருக்கு இது ஓடும்போது வருவதைவிட ஓடி முடித்து உட்காரும்போதோ, இரவுத் தூக்கத்திலோ வரும்.

ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயமான வாசாலொபெட்டில் 1989 முதல் 1998 வரை கலந்துகொண்ட 52,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு, ஒரே ஒரு முறை முடித்தவர்களைவிடத் தாளக் கோளாறு ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். வேகமாக முடித்தவர்களுக்கும் அப்படியே. பார்சிலோனா ஆய்வாளர்கள் வேறொரு வழியில் பார்த்தார்கள்: வாழ்நாளில் கடும் பயிற்சி 2,000 மணிநேரத்தைத் தாண்டியவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அபாயம் கூடியது, அதற்குக் கீழே பயிற்சி செய்தவர்களுக்கு உட்கார்ந்தே இருப்பவர்களைவிடக் குறைந்தது. உங்கள் பதினான்கு வருடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதை உங்கள் மனைவியிடம் காட்டினால் "நான் சொன்னேனா இல்லையா" என்பார். அதனால் மறுபாதியையும் காட்டுங்கள். அதே ஸ்வீடன் பந்தயக்காரர்களை, பந்தயத்தில் கலந்துகொள்ளாத பொதுமக்களோடு ஒப்பிட்டபோது, ஆண் பெண் இருபாலருக்குமே பக்கவாதம் குறைவாக இருந்தது. பெண்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனே குறைவு. ஓட்டம் உங்கள் இதயத்துக்கு எதிரி இல்லை. அளவு உச்சத்துக்குப் போனால் மேலறை அதற்கு ஒரு விலை கேட்கிறது. உங்கள் மனைவி சொல்வதில் எனக்கு உடன்பாடான பகுதி, இப்போதைக்கு நிறுத்துங்கள் என்பது. நிரந்தரமாக என்பதை ஏற்க இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

வைத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நோயின் பெயரே தெரியாத நிலையில் அதிகம் பேசுவது சரியில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் சில மாதம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தாலே சிலருக்கு அடங்கிவிடும். மது பழக்கம் இருந்தால் அதை விடுவது, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்வது, இரண்டும் உதவக்கூடும். காபியை எல்லோரும் சந்தேகிக்கிறார்கள், பெரும்பாலும் அது நிரபராதி. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை ஓட்டக்காரர்களுக்குப் பிடிக்காது. ஏற்கெனவே 44-இல் இருப்பவருக்குக் கொடுக்க எனக்கும் தயக்கம். வரும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃப்ளெக்கனைட் போன்ற மாத்திரைகள் உண்டு. போட்ட பின், அது உடம்பிலிருந்து பெருமளவு இறங்கும்வரை ஓடக்கூடாது. ஓடினால் துடிப்பு இன்னும் வேகமெடுக்கக்கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவையா என்பதை நீங்கள் எத்தனை மாரத்தான் ஓடினீர்கள் என்பது தீர்மானிக்காது. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவைதான் தீர்மானிக்கும். உங்களுக்கு இப்போது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இவை போதாவிட்டால் கதீட்டர் அப்லேஷன். தொடை வழியாகக் குழாய் செலுத்தி, நுரையீரலிலிருந்து ரத்தம் வரும் சிரைகளைச் சுற்றி மின்தடுப்பு போடுவது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கிளப்பிவிடும் துடிப்புகள் பெரும்பாலும் அந்தச் சிரைகளிலிருந்துதான் புறப்படுகின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்டோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். இத்தாலிய சைக்கிள் வீரர் எலியா விவியானிக்கு 2021 ஜனவரியில் தாளக் கோளாறுக்காக அப்லேஷன் செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அதே நாட்டின் சோனி கொல்பிரெல்லி 2022 மார்ச்சில் ஒரு பந்தயக் கோட்டைத் தாண்டியதும் சரிந்து விழுந்தார். மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள். தேவைப்படும்போது தானே மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை நெஞ்சில் பொருத்திக்கொண்டு அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். இருவருக்கும் வந்ததைத் "தாளக் கோளாறு" என்ற ஒரே பெயரில் அடக்கிவிடலாம். பெயர் தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சோதனைக்கு நாள் கிடைப்பதற்குள் மறுபடி வந்தால், என்ன செய்துகொண்டிருந்தாலும் நிறுத்தி உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி நாடியைப் பாருங்கள், அதற்கேற்பக் காலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே. காலால் தாளத்தைப் பிடிக்கவே முடியவில்லையென்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பக்கம் சாய்கிறது. வேகமாக இருந்தும் கடிகார முள் மாதிரிச் சீராக இருந்தால் மற்றவற்றின் பக்கம். உங்கள் கடிகாரத்தில் ஈசிஜி வசதி இருந்தால் கையைத் தொடைமேல் வைத்து, அசையாமல் ஒரு பதிவு எடுத்துவிடுங்கள். அந்த 30 விநாடித் தாள் எனக்கு நூறு விளக்கத்துக்குச் சமம். ஆனால் நெஞ்சு வலித்தால், கண் இருட்டினால், மூச்சுத் திணறினால் தாளமும் வேண்டாம், பதிவும் வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஓடி முடித்து நின்றதும் மயங்குவது பெரும்பாலும் காலில் ரத்தம் தேங்குவதால். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால் அதே நாளில் மருத்துவமனையில் சேர வேண்டும்.

ஒரு தகவலை நீங்கள் எழுதவில்லை. உங்கள் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், சித்தப்பா, மாமா யாராவது ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? "தூக்கத்திலேயே போய்விட்டார்", "குளத்தில் மூழ்கிவிட்டார்" என்று வீட்டில் சொல்லப்படும் மரணங்களையும் சேர்த்து விசாரித்துக்கொண்டு போங்கள். மருத்துவர் கட்டாயம் கேட்பார்.

கடிகார வரைபடத்தைக் காலடிக் கோட்டோடு சேர்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போனில் காட்டினால் அவசரத்தில் யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. டிரெட்மில் சோதனைக்குப் போகும்போது ஓடுகிற ஷூவையும் எடுத்துப் போங்கள். செருப்போடு வந்து நிற்கிறவர்களை நாங்கள் நடக்கத்தான் வைக்க முடியும்.